மாக்ஸி தசை ஆக்ஸிஜன் சென்சார்: தொடையில் ஒட்டினால் என்ன தெரியும், என்ன தெரியாது

சற்றுப் பருத்த தீப்பெட்டி அளவு, எடை 50 கிராமுக்குள். திரை கிடையாது. தொடையிலோ கெண்டைக்காலிலோ ஒட்டிக்கொண்டு உடற்பயிற்சி செய்தால், அந்த இடத்துத் தசைக்குள் ஓடும் ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜனோடு இருக்கிறது என்று இரண்டு நொடிக்கு ஒரு முறை கம்பியில்லாமல் அனுப்பும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஹட்சின்சன் என்ற ஊரிலுள்ள ஃபோர்ட்டியோரி டிசைன் நிறுவனத்தின் தயாரிப்பு இது. சைக்கிளில் மிதிக்கும் திறனை வாட்டில் அளக்கும் நல்ல பவர் மீட்டர் ஒன்று வாங்கும் காசு ஆகும். இங்கே வரவழைத்தால் சுங்க வரியும் சேரும். அந்தக் காசுக்கு இது தகுமா என்பது கருவியைவிட, அதை ஒட்டுபவரின் பொறுமையைப் பொறுத்தது. இடம் தவறினால், பட்டை இறுகினால், வெயில் புகுந்தால் இது தயங்காமல் தப்பான எண்ணைக் காட்டும். ஒழுங்காக ஒட்டினால் இதயத் துடிப்பும் வாட் எண்ணும் சொல்லாத ஒன்றைச் சொல்லும்.

உள்ளே நடப்பது எளிய விஷயம்தான். இருட்டில் கைப்பேசி டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பிடியுங்கள். வெள்ளை வெளிச்சம்தான் உள்ளே போகிறது, சிவப்பு மட்டும்தான் வெளியே வருகிறது. நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகப் போகும். சுமார் 900 நானோமீட்டரைத் தாண்டினால் திசுவில் உள்ள தண்ணீர் அதையும் விழுங்கத் தொடங்கும். நடுவில் இருக்கும் இந்த ஜன்னல் வழியாக உயிருள்ள திசுவின் ஆக்ஸிஜனைப் பார்க்கலாம் என்று 1977இல் டியூக் பல்கலைக்கழகத்தின் ஃப்ரான்ஸ் யோப்ஸிஸ் காட்டினார். இன்று சந்தையிலுள்ள தசை ஆக்ஸிஜன் கருவிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

மாக்ஸியில் 680, 720, 760, 800 நானோமீட்டர் என நான்கு எல்இடி நிறங்கள். ஆக்ஸிஜன் இழந்த ஹீமோகுளோபின் 760இல் ஒளியை அதிகமாக விழுங்கும். 800 அருகில் ஆக்ஸிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறத்தாழ ஒரே அளவுதான் விழுங்கும். எந்த நிறம் எவ்வளவு திரும்பி வந்தது என்று ஒப்பிட்டால், எத்தனை பங்கு ஆக்ஸிஜனோடு இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். ஒளி வாங்கிகள் இரண்டு: எல்இடியிலிருந்து 12.5 மில்லிமீட்டரில் ஒன்று, 25 மில்லிமீட்டரில் ஒன்று. ஒளி உள்ளே போய் வாழைப்பழம் போல வளைந்து திரும்புகிறது. அது எட்டும் ஆழம் இடைவெளியில் ஏறத்தாழப் பாதி. ஆகவே தூரத்து வாங்கி சுமார் 12 மில்லிமீட்டர் வரை பார்க்கும், பக்கத்து வாங்கி தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும்தான் பெரும்பாலும் பார்க்கும். இரண்டையும் ஒரு திசு மாதிரியில் போட்டு, மேலடுக்கின் பங்கைக் கழித்து, தசையின் பங்கை மட்டும் தர முயல்கிறது மென்பொருள். இந்த 12 மில்லிமீட்டரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கான பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

கருவி தருவது இரண்டு எண்கள். முதலாவது எஸ்எம்ஓ2, தசை ஆக்ஸிஜன் சதவீதம். விரல் நுனியில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் காட்டும் எண்ணோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. விரல் ஆக்ஸிமீட்டர் தமனி ரத்தத்தைப் பார்க்கிறது. நல்ல உடல்நிலையில் மாடிப்படி ஏறினாலும் மூச்சிரைத்தாலும் பெரும்பாலும் 95க்கு மேலேயே நிற்கும். மாக்ஸி பார்ப்பது தசைக்குள் உள்ள மிக நுண்ணிய குழாய்களை: தமனியின் கடைசிக் கிளைகள், தந்துகிகள், சிரையின் முதல் கிளைகள். ஆக்ஸிஜனைத் தசை எடுத்துக்கொண்ட பிறகு உள்ள நிலையும் அதில் கலந்திருக்கிறது. அதனால் ஓய்வில் தொடையில் 55 முதல் 75 வரை காட்டுவது இயல்பு. கடும் முயற்சியில் 30, 20 என்று இறங்கும், நன்கு பயிற்சி பெற்றவர்களிடம் அதற்கும் கீழே போகும். தசைக்குள்ளேயே ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்ற புரதமும் ஒளியை அதே மாதிரிதான் விழுங்குகிறது. அதையும் ஹீமோகுளோபினையும் இந்த ஒளியால் பிரித்தறிய முடியாது, இரண்டும் சேர்ந்த எண்தான் வரும்.

இரண்டாவது எண் டிஎச்பி, ஒளி பட்ட இடத்தில் மொத்தம் எவ்வளவு ஹீமோகுளோபின் என்ற குறிப்பு. இது பெரும்பாலும் 11க்கும் 13க்கும் இடையில் நிற்பதால், ரத்தப் பரிசோதனையில் வரும் ஹீமோகுளோபின் அளவுதான் இது என்று நினைத்துவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. அந்த இடத்தில் ரத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க மட்டுமே டிஎச்பி. ரத்தசோகை இருக்கிறதா என்று இதை வைத்து முடிவு செய்யக் கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்ஸிஜனைச் சுமக்கும். 15 கிராம் இருப்பவரின் ஒவ்வொரு 100 மில்லிலிட்டர் ரத்தத்திலும் சுமார் 20 மில்லிலிட்டர். 10 கிராம் இருப்பவருக்கு 13தான். இருவர் தொடையிலும் மாக்ஸி ஓய்வில் ஒரே 65ஐக் காட்டலாம். சதவீதம் ஒன்று, சரக்கு மூன்றில் இரண்டு பங்கு. சீக்கிரம் களைத்துப்போகும் பெண் ஓட்ட வீராங்கனைக்கு இந்தக் கருவி வாங்குவதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை எடுங்கள். அதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

இது அளப்பது ஆக்ஸிஜன் பயன்பாட்டை அல்ல

விளம்பரங்களில் ‘தசை எவ்வளவு ஆக்ஸிஜன் பயன்படுத்துகிறது என்று அறியுங்கள்’ என்று இருக்கும். பாதிதான் உண்மை. மொட்டை மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஏற்றுகிறது, வீட்டுக் குழாய்கள் இறக்குகின்றன. தொட்டியில் மட்டம் குறைந்தால் குழாய் அதிகம் திறந்திருக்கலாம், மோட்டார் மெதுவாகியிருக்கலாம், இரண்டும் நடந்திருக்கலாம். எஸ்எம்ஓ2 என்பது மட்டம். இதயம் கொண்டுவருவதற்கும் தசை எரிப்பதற்கும் இடையிலுள்ள மிச்சம்.

அதனால்தான் நன்றாக வார்ம்-அப் செய்யும்போது தசை ஓய்வைவிட அதிகம் எரித்தும் எண் ஏறுகிறது. ஓய்வில் 62 இருந்தது பத்து நிமிட மிதித்தலில் 72 ஆகும். குழாய் கொஞ்சம் திறந்தது, மோட்டார் அதைவிட வேகம் எடுத்தது. இந்த ஏற்றம் வராமல் நேராக இறங்கினால் வார்ம்-அப் போதவில்லை, அல்லது தொடக்கமே கடினமாகிவிட்டது. இது ஒன்றுக்காகவே பல பயிற்சியாளர்கள் கருவியை வைத்திருக்கிறார்கள், அது நியாயமான பயன்தான்.

எஸ்எம்ஓ2வோடு டிஎச்பியைச் சேர்த்துப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் புரியும். இரண்டும் சேர்ந்து சட்டென்று இறங்கினால் தசை தன் அழுத்தத்தாலேயே உள்ளே வரும் குழாயை நசுக்குகிறது. பெரிய கியரில் 50 கேடன்ஸில், அதாவது நிமிடத்துக்கு 50 மிதி சுற்றில், மேடு ஏறும்போது இப்படி வரும். எஸ்எம்ஓ2 இறங்கி டிஎச்பி ஏறினால் உள்ளே வரும் வழி திறந்திருக்கிறது, வெளியே போகும் சிரை வழி அடைபட்டிருக்கிறது. ரத்தம் தேங்குகிறது. கைப்பிடியை இறுகப் பற்றும் முன்கைத் தசையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அதே வாட்டில் 50 கேடன்ஸை 85 ஆக்கிப் பாருங்கள். எஸ்எம்ஓ2 பத்துப் பதினைந்து புள்ளி மேலே வந்தால், நீங்கள் களைப்பதற்கு இதயம் காரணமல்ல, மிதிக்கும் முறைதான் காரணம். இந்த மாதிரியான ஒரு பதிலை உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்ஸிஜன் பயன்படுத்தும் என்று மூச்சு முகமூடி போட்டு அளக்கும் விஓ2 மேக்ஸ் சோதனை தராது, ஏனென்றால் அது முழு உடம்பின் கணக்கு.

பயன்பாட்டை மட்டும் பிரித்து அளக்க ஒரு வழி உண்டு: மோட்டாரை நிறுத்திவிடுவது. தொடையின் மேற்பகுதியில் பட்டையைக் கட்டி 250 முதல் 300 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் கொடுத்தால் தமனி முற்றிலும் அடைபடும். இனி எண் இறங்கும் வேகம் முழுக்கத் தசை எரிப்பது. ஜார்ஜியா பல்கலைக்கழகக் குழுவொன்று இதை நுட்பமாக்கி 2012இல் வெளியிட்டது: சிறிது பயிற்சி கொடுத்துவிட்டு, சில நொடி அடைத்து, சில நொடி விட்டு, மறுபடி அடைத்து என்று வரிசையாகச் செய்தால், தசையின் எரிப்பு வேகம் எப்படித் தணிகிறது என்ற வளைவு கிடைக்கும். அது எவ்வளவு சீக்கிரம் தணிகிறதோ, செல்லுக்குள் ஆக்ஸிஜனை எரித்து ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் அவ்வளவு நன்று. ஆனால் மாக்ஸியை வைத்து வீட்டில் இதை முயலாதீர்கள். முதல் காரணம் பாதுகாப்பு: ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியானவர்கள், அரிவாள் செல் நோய் உள்ளவர்கள், கால் தமனி அடைப்போ நீரிழிவு நரம்புப் பாதிப்போ உள்ளவர்கள் இந்தப் பட்டையைத் தொடவே கூடாது, மற்றவர்களுக்கும் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் வேண்டும். இரண்டாவது காரணம் தொழில்நுட்பம்: ஐந்து நொடி அடைப்பில், இரண்டு நொடிக்கு ஒரு எண் என்றால் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று புள்ளிகள். அதில் சரிவு வரைவது ஊகம்தான். ரத்த அழுத்தக் கருவியின் கைப்பம்பினால் அந்தப் பட்டை ஒரு நொடிக்குள் நிரம்பவும் நிரம்பாது. நெதர்லாந்தின் ஆர்டினிஸ் நிறுவனத்தின் போர்ட்டாமான் போன்ற ஆய்வுக்கூடக் கருவிகள் நொடிக்குப் பத்து அளவீடு எடுக்கும். ஒளி இடைவெளியும் 30 முதல் 40 மில்லிமீட்டர், அதனால் ஆழமும் கூடுதல். அந்த வேலை அவற்றுக்கு உரியது, விலையும் அதற்கேற்பத்தான்.

ஒட்டுவதில்தான் எல்லாம்

சைக்கிளுக்கு வழக்கமான இடம் தொடையின் வெளிப்பக்கத் தசை. முழங்கால் சில்லின் மேல்விளிம்பிலிருந்து இடுப்பெலும்பை நோக்கி 10 முதல் 15 சென்டிமீட்டர் மேலே, கொஞ்சம் வெளிப்பக்கமாக. காலை நீட்டி இறுக்கினால் அங்கே தசை புடைக்கும்; புடைப்பின் நடுவில் வையுங்கள். இன்னும் வெளியே தள்ளிவிட்டால் தொடையின் பக்கவாட்டில் ஓடும் தடித்த நார்ப்பட்டையின் மேல் உட்கார்ந்துவிடும், எண் ஆடாமல் அசையாமல் நிற்கும். ஓட்டத்துக்குக் கெண்டைக்காலின் உட்பக்கப் புடைப்பு நல்லது, அங்கே கொழுப்பும் குறைவு.

அடுத்தது கொழுப்பு. தோல் மடிப்பின் தடிமனை அளக்கும் ஸ்கின்ஃபோல்ட் கேலிப்பரால் அந்த இடத்தை மில்லிமீட்டரில் கிள்ளி அளந்து, இரண்டால் வகுங்கள். கிள்ளும்போது தோலும் கொழுப்பும் இரட்டை மடிப்பாக வருவதால் பாதியாக்க வேண்டும். கேலிப்பரில் 10 என்றால் மேலே 5 மில்லிமீட்டர், தசைக்கு மிச்சம் ஏழு. அது போதும். 16 என்றால் எட்டு. மிச்சம் நான்கு, எண் மேலேயே தொங்கும், ஏற்ற இறக்கம் மழுங்கும். 20ஐத் தாண்டினால் தொடையை விட்டுவிட்டு மெலிந்த இடமாகப் பாருங்கள். பெண்களுக்குத் தொடையில் கொழுப்பு இயல்பாகவே கூடுதல் என்பதால் இந்தச் சிக்கல் அவர்களுக்கே அதிகம். கருவியின் உண்மையான குறை இதுதான், விளம்பரத்தில் பெரிதாகப் பேசப்படாததும் இதுதான். தொடை பருத்த ஒருவருக்கு எண் 60க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அவர் ‘நன்றாக ஆக்ஸிஜன் ஏற்றுகிறார்’ என்று பொருளல்ல. கொழுப்பு அதிகம் எரிப்பதில்லை. கருவி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

முடியை மழித்து, தோலைச் சோப்பால் கழுவித் துடைத்து, முழுக்க உலரவிடுங்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்த கால், சன்ஸ்கிரீன் பூசிய கால் இரண்டிலும் டேப் அரை மணி நேரம் தாங்காது. பச்சை குத்திய இடத்தில் வைக்கவே வேண்டாம், மை ஒளியை விழுங்கும். ஒட்டியபின் வெளிவிளிம்பில் பேனாவால் கோடு இழுத்து, முழங்கால் சில்லிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் எண் ஐந்து புள்ளி மாறலாம், பிறகு அந்த வித்தியாசத்தைப் பயிற்சியின் பலன் என்று எண்ணி ஏமாறுவீர்கள்.

டேப்பை இழுத்து ஒட்டாதீர்கள். இறுக்கினால் தோலடியிலும் தசை மேலடுக்கிலும் உள்ள ரத்தம் பிழியப்பட்டுவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே டிஎச்பி மெல்ல இறங்கினால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். சைக்கிள் ஷார்ட்ஸின் கால்பட்டி சென்சாருக்குச் சற்று மேலே கவ்வினால் எதிர்மாறாக நடக்கும், சிரை அடைபட்டு டிஎச்பி ஏறும். பட்டியை மேலே சுருட்டிவிடுங்கள் அல்லது ஷார்ட்ஸுக்குள்ளேயே சென்சாரைச் செருகுங்கள்.

ஒட்டி முடித்ததும் இரண்டு சோதனைகள். காலை நீட்டி, தசையை முழு பலத்தோடு 15 நொடி இறுக்குங்கள். டிஎச்பி உடனே இறங்க வேண்டும், எஸ்எம்ஓ2 பின்னாலேயே இறங்க வேண்டும், விட்டதும் இரண்டும் பழைய இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் ஏறித் திரும்ப வேண்டும். எதுவும் நடக்கவில்லையா, இடம் தவறு. பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள். பிறகு சென்சாரின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து மூடுங்கள். எண் மாறினால் வெளிச்சம் கசிகிறது. கறுப்புத் துணியோ கருப்பு ஒளித்தடுப்பு உறையோ சுற்றிலும் வேண்டும். சென்னையின் பதினொரு மணி வெயிலில் மர நிழலில் நுழைந்து வெளியே வரும்போதெல்லாம் எண் குதித்தால், உங்கள் தசைக்கு ஒன்றும் ஆகவில்லை, உறை போதவில்லை.

வெயிலுக்கு இன்னொரு முகமும் உண்டு. உடல் சூடானால் வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கு ரத்தம் அதிகம் போகும். அந்த ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவதில்லை; அது கலந்தால் எண் மேல்நோக்கி இழுபடும். பக்கத்து வாங்கி இதைக் கழிக்க முயல்கிறது, முழுக்கக் கழிப்பதில்லை. 34 டிகிரியில் எடுத்த சோதனையை ஏசி அறையில் எடுத்ததோடு ஒப்பிடாதீர்கள்.

தோல் நிறம் பற்றியும் சொல்லியாக வேண்டும். மெலனினும் ஒளியை விழுங்கும், குறைந்த அலைநீளத்தில் கூடுதலாக. கறுத்த தோலில் திரும்பி வரும் வெளிச்சம் குறைவு, அதனால் எண் சற்று அதிகம் நடுங்கும். விரல் ஆக்ஸிமீட்டர்களில் இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று 2020இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த கட்டுரை காட்டியது: தமனியில் ஆக்ஸிஜன் குறைந்திருந்தும் கருவி நன்றாக இருப்பதாகக் காட்டுவது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக நடந்திருந்தது. மாக்ஸி வேறு கருவி, கணக்கும் வேறு. ஆனால் பாடம் பொருந்தும். மெலனின் ஒரே நாளில் மாறாது, ஆகவே உங்கள் ஏற்ற இறக்கம் உங்களுக்கு உண்மை. உங்கள் 38ஐயும் வெள்ளைக்கார வீரர் ஒருவரின் 38ஐயும் பக்கத்தில் வைத்துப் பேசுவதில் பொருளில்லை.

ஒரு முழுச் சோதனை எப்படி இருக்கும்

மாக்ஸி பயன்படுத்துபவர்களிடம் பரவியிருப்பது 5-1-5 முறை. ஐந்து நிமிடம் ஒரு வாட், ஒரு நிமிடம் முழு ஓய்வு, மறுபடி அதே வாட்டில் ஐந்து நிமிடம், ஒரு நிமிட ஓய்வு. பிறகு அடுத்த படி. ஒவ்வொரு படியும் இரண்டு முறை. இரண்டாவது முறை முதலாவதைப் போலவே வந்தால் அளவீட்டை நம்பலாம், வரவில்லையென்றால் சென்சார் நகர்ந்திருக்கிறது அல்லது உடல் இன்னும் சமநிலைக்கு வரவில்லை. இந்த இரட்டிப்புதான் இந்த முறையின் அழகு. நேரம் அதிகம் பிடிக்கும், ஒன்றரை மணி நேரமாகும். அவசரப்படுபவர்கள் மூன்று நிமிடப் படிகளாகக் குறைத்துச் செய்து தெளிவில்லாத கோடுகளோடு எழுந்து போகிறார்கள்.

சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் உட்புற ட்ரெய்னரில் ஒருவர் செய்வதாக வைத்துக்கொள்வோம். 150 வாட்டில் 66இல் நிற்கிறது. 190இல் 54க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. 220இல் முதல் நிமிடத்தில் 42, ஐந்தாம் நிமிடத்தில் 40. ஏறத்தாழ நிற்கிறது என்றே கொள்ளலாம். 250இல் முதல் நிமிடத்தில் 33, மூன்றாம் நிமிடத்தில் 27, ஐந்தாம் நிமிடத்தில் 21, இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. மட்டம் எங்கே நிற்க மறுக்கிறதோ அங்கே நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் எல்லை தாண்டப்பட்டுவிட்டது. அவருடைய எல்லை 220க்கும் 250க்கும் நடுவில். வேறொரு நாள் 235ஐ மட்டும் பார்த்தால் இன்னும் நெருங்கலாம். கவனிக்க வேண்டியது, இங்கே 40 என்ற எண்ணுக்கு எந்த மகிமையும் இல்லை. இன்னொருவருக்கு 58இல் எல்லை வரும். நிற்கிறதா, சரிகிறதா என்பது மட்டும்தான் கேள்வி. சில செயலிகள் எண்ணைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பூசிக் காட்டும். அதை நம்பிப் பயிற்சித் திட்டம் போடாதீர்கள்.

கடும் முயற்சியில் ரத்தத்தில் சேரும் லாக்டேட் என்ற பொருளை அளக்கும் பரிசோதனைக்கு இது மாற்று என்று சிலர் சொல்கிறார்கள். பலருக்கு இரண்டும் பக்கத்தில் வரும், எல்லோருக்கும் வராது. காதுமடலில் குத்தி எடுக்கும் லாக்டேட் முழு உடம்பின் கணக்கு, இது ஒரு தசையின் ஒரு மூலை. முதல் தடவையாவது இரண்டையும் சேர்த்து எடுத்து, உங்களுக்கு எவ்வளவு விலகுகிறது என்று தெரிந்துகொண்டால் பிறகு ஊசி இல்லாமல் ஓட்டலாம்.

அன்றாடப் பயிற்சியில் இதன் பலம் ஓய்வு நேரத்தை முடிவு செய்வது. 30 நொடி முழுவேக முயற்சிகள் என்றால், இரண்டு நிமிடம் என்று கடிகாரம் பார்க்காமல், எண் முதல் முயற்சிக்கு முன் இருந்த மேல்தளத்துக்குத் திரும்பி 20 நொடி நிற்கும்வரை காத்திருங்கள். மூன்றாவது, நான்காவது முயற்சியில் இறக்கம் குறைந்துகொண்டே வந்தால், அதாவது முதலில் 18 வரை போனது இப்போது 30லேயே நின்றுவிட்டால், தசை ஆக்ஸிஜனை இழுக்கும் அளவுக்கு இயங்கவில்லை; அன்றைக்கு அந்தப் பயிற்சி முடிந்தது. ஆறு நொடி ஸ்பிரின்ட்டுக்கு இது உதவாது, இரண்டு நொடிச் சராசரியில் விவரம் கரைந்துவிடும். கபடி, கால்பந்து போல உடம்போடு உடம்பு மோதும் ஆட்டங்களிலும் வேண்டாம். எடைப் பயிற்சியில் நன்றாக வேலை செய்யும், தசையை இறுக்கி விடும் ஒவ்வொரு செட்டும் கோட்டில் தெளிவாகத் தெரியும்.

கோட்டைப் படிக்கும்போது ஒரு விதியை மறக்காதீர்கள். ஒரே அளவீட்டில் எஸ்எம்ஓ2 பத்துப் புள்ளி தாவி, டிஎச்பியும் கூடவே தாவினால் அது சென்சார் நகர்ந்தது. உடலின் மாற்றம் பெரும்பாலும் அப்படிப் படி தாண்டாது, அடுத்தடுத்து ஐந்தாறு அளவீடுகளில் சரிந்தோ ஏறியோதான் வரும்.

இணைப்பு, மென்பொருள், போட்டியாளர்கள்

தரவு ஆன்ட் பிளஸ் என்ற, விளையாட்டுக் கருவிகளுக்கான கம்பியில்லா இணைப்பு வழியாக வருகிறது, புதிய பதிப்பில் புளூடூத்தும் உண்டு. தசை ஆக்ஸிஜனுக்கென்று ஆன்ட் பிளஸில் பொது வடிவம் இருப்பதால் கார்மின் எட்ஜ் சைக்கிள் கணினிகளும் ஃபீனிக்ஸ் கைக்கடிகாரங்களும் நேரடியாகப் பிடித்துக்கொள்ளும், கோப்பிலேயே வாட், துடிப்பு இவற்றோடு சேர்ந்து பதிவாகும். அலச கோல்டன் சீட்டா என்ற இலவச மென்பொருள் போதும். நீச்சலில் கம்பியில்லா அலை தண்ணீரில் மடிந்துவிடும், நேரலை எண்ணை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் சோதனை செய்தால் சாதன எண்ணைச் சரிபார்த்து இணையுங்கள். அடுத்தவர் தொடையின் கோட்டை ஒரு மணி நேரம் ஆராய்ந்துவிட்டுப் பிறகு கண்டுபிடிப்பது எரிச்சலான வேலை.

பொது வடிவத்தின் அருமை மற்ற கருவிகளின் கதையில் புரியும். டெக்ஸாஸில் ஆஸ்டினைச் சேர்ந்த பிஎஸ்எக்ஸ் இன்சைட், பிறகு ஹ்யூமன் ஹெக்ஸ், இரண்டும் இதைவிட விலை குறைவாக, அழகான செயலியோடு வந்தன. இரண்டும் சந்தையை விட்டுப் போய்விட்டன. இப்போது நெதர்லாந்தின் ட்ரெய்ன்.ரெட் நல்ல மாற்றாக இருக்கிறது, இன்னும் சிறியது, ஒட்டுவதும் எளிது. செயலியை நம்பியே வாழும் எந்தக் கருவியை வாங்கினாலும், மூல எண்களைக் கோப்பாக இறக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

யாருக்கு இது? பவர் மீட்டரும் உட்புற ட்ரெய்னரும் ஏற்கெனவே வைத்திருந்து, அதே சோதனையை ஆறு வாரத்துக்கு ஒரு முறை அதே இடத்தில் ஒட்டி எடுக்கும் பொறுமை உள்ள சைக்கிள், டிரையத்லான் வீரருக்கும், பத்துப் பேரைப் பார்க்கும் பயிற்சியாளருக்கும் தகும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மெலிந்த காலையும் நல்ல காலையும் ஒப்பிடும் பிசியோதெரபிஸ்டுக்கும் உதவும், ஆனால் அதற்கு இரண்டு சென்சார் வேண்டும். வாட் அளக்க வழியில்லாதவர் முதலில் பவர் மீட்டர் வாங்கட்டும். சுமை தெரியாமல் மட்டம் மட்டும் தெரிந்து பயனில்லை. நடைப்பயிற்சிக்காரருக்குத் தேவையே இல்லை. நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் சரியாகும் ஒருவர் இதை வாங்கி ஒட்டிப் பார்க்காமல், ரத்தக்குழாய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இது நோய் கண்டறியும் கருவி அல்ல.

பழையது வாங்குவதாக இருந்தால் மூன்றைப் பாருங்கள். ஒளி போகும் அடிப்பக்கக் கண்ணாடியில் கீறலோ பழைய டேப் பசையோ இருக்கக் கூடாது. பசையை ஈரத்துணியால் துடைக்கலாம், கீறலுக்கு வழியில்லை. முழுக்கச் சார்ஜ் செய்து, ஒட்டிக்கொண்டு, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று விற்பவர் முன்னாலேயே இல்லாவிட்டாலும் திருப்பித் தரும் காலத்துக்குள் பார்த்துவிடுங்கள். 5-1-5 சோதனைக்கே ஒன்றரை மணி நேரம் போய்விடும் என்பதால் இரண்டு மணி நேரமாவது தாங்க வேண்டும். கடைசியாக, அந்த 15 நொடி இறுக்கும் சோதனையைப் பத்து முறை செய்யுங்கள். பத்து முறையும் ஏறத்தாழ ஒரே ஆழத்துக்கு இறங்கி ஏறினால் காசைக் கொடுங்கள்.